எந்தத் தட்டிலும் சேராத கல்

மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் றோட்டில் வரிசையாக ஸ்பைஸ் கார்டன்கள். பேர்தான் கார்டன். உள்ளே போனால் நாலைந்து கராம்பு மரம், இரண்டு ஜாதிக்காய் மரம், தடியில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, சுற்றுலா வான்கள் நிறுத்தப் பெரிய இடம், அதைவிடப் பெரிய கடை. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஒருவன் அவர்களுக்கு ஏலக்காயை முகரக் கொடுத்து, முழங்காலில் எண்ணெய் தேய்த்து, வலி போய்விட்டதா என்று கேட்பான். போய்விட்டது என்று சொல்லும்வரை காலை விடமாட்டான்.

அப்படிப்பட்ட கார்டன் ஒன்றின் முதலாளிதான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மகள் உக்குவளையில் என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"டீச்சர், பழைய வெள்ளக்காரத் தொரை பங்களா சாமான் ஏலத்துல ஒரு அலுமாரி எடுத்தேன். எண்ணெய்ப் போத்தல் அடுக்கலாம்னு. லாச்சியத் தொறந்து பார்த்தா பூரா கல்லு. பூ மாதிரியும் இருக்கு, மொட்டு மாதிரியும் இருக்கு. ஒரு மியூசியம் வைக்கப்போறேன். வந்து பேர் எழுதித் தாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பேர் எழுத என்னைக் கூப்பிட்டவர்கள் நான் போவதற்குள் பேர் எழுதி முடித்திருந்தார்கள். சரக்கு வைக்கும் மரத்தட்டுகளில் கற்களைப் பரப்பி, ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று மொழியில் அட்டை. ஒரு தட்டில் 'கல்லான கராம்பு'. அடுத்ததில் 'கல்லான அன்னாசிப்பூ'. மூன்றாவதில் இருந்த உருண்டைகளுக்கு 'கல்லான ஜாதிக்காய்'. சுற்றுலாக்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் கைட், வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கராம்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். டைனோசர் காலத்திலேயே மாத்தளையில் கராம்பு காய்த்ததாம். அதற்கு அத்தாட்சி இந்தக் கல்லாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கடலடியில் வாழ்ந்து, மாத்தளை மண் மனிதனைப் பார்ப்பதற்கு எத்தனையோ கோடி வருடம் முன்னால் அழிந்துபோன ஒரு மிருகத்தின் புதைபடிவம். மொட்டு மாதிரி உடம்பு, அதில் ஐந்து இதழ் மாதிரி வரிகள். பார்த்தால் கராம்பின் தலைதான், அதை நான் மறுக்கவில்லை. அன்னாசிப்பூ என்று எழுதியிருந்தது கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள். ஜாதிக்காய் என்றது கடல் முள்ளெலி.

"இதெல்லாம் கடல்ல இருந்த உயிருங்க, மொதலாளி" என்றேன்.

"கடலா? மாத்தளைலயா?"

"மாத்தளைக் கல்லு இல்ல. தொரை அவர் ஊர்ல இருந்து கொண்டுவந்து வச்சது. எங்க எடுத்ததுன்னு துண்டு எழுதி ஒட்டியிருப்பாரு. அதைக் கறையான் தின்னிருச்சு."

அவர் முகம் சுருங்கியது. கல் மாத்தளைக் கல் இல்லை என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கறையான் தின்றது மட்டும் பிடித்திருந்தது.

"அப்ப மாத்தளைக் கல்லு இல்லேன்னு சொல்றதுக்கும் அத்தாட்சி இல்லதானே டீச்சர்" என்றார்.

இந்த மனிதர் மிளகு வாங்கும்போது பார்க்க வேண்டும். சாக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, அதில் இரண்டை விரலால் நசுக்கி, பப்பாசி விதை கலந்திருக்கிறது என்று விற்க வந்தவனை விரட்டிவிடுவார். பப்பாசி விதையும் காய்ந்த மிளகும் அண்ணன் தம்பி போல இருக்கும். அவரை ஏமாற்ற முடியாது. ஜாதிக்காயையும் அதன் மேலிருக்கும் சிவப்புச் சாதிபத்திரியையும் பாருங்கள். ஒன்று கொட்டை, ஒன்று பூப்போன்ற உறை. நிறம் வேறு, மணம் வேறு, போத்தல் வேறு. இரண்டும் ஒரே பழத்துக்குள் இருப்பவை என்று வெள்ளைக்காரனுக்கு நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிக் காசு பார்ப்பவரும் இவர்தான். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் உறவல்ல, வேறு மாதிரி இருப்பதெல்லாம் அந்நியமல்ல என்று இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதையே நான் சொன்னேன்.

"அது யாவாரம் டீச்சர். இது கல்லுதானே" என்றார்.

பேசி என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவரை மட்டும் ஏசுவது நியாயமில்லை. அவர் கார்டன் முதலாளி. பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதே கல்லோடு செய்துவந்த கூத்தை நான் படித்திருக்கிறேன்.

முட்தோலிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும் கூட்டம் இது. நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடலட்டை, கடல் அல்லி. இன்று உயிரோடு இருப்பவற்றின் வகுப்புகள் இவ்வளவுதான். எல்லாம் ஐந்து பங்காக வட்டமாய் அமைந்த உடம்பு. 'ஐயாரைச் சமச்சீர்' என்று எழுதினால் பிள்ளைக்கு மார்க். அதோடு உலகம் முடிந்தது என்று பாடத்திட்டம் எழுதியவர்கள் நம்புகிறார்கள். அழிந்துபோனவற்றைச் சேர்த்தால் வகுப்புகள் பல மடங்காகும். அதில் மூன்று வரியோடு திருகாணி மாதிரிச் சுற்றிய உடம்பு உண்டு. எந்தப் பக்கம் வெட்டினாலும் இரண்டு பாதியும் ஒத்துவராத கோணல் உடம்பும் உண்டு. அவையும் முட்தோலிகள் என்று எப்படித் தெரியும் என்றால், தகட்டை வைத்து. உடம்பை மூடிய சுண்ணாம்புத் தகடு ஒவ்வொன்றும் உள்ளே வலை போல் துளைபட்டிருக்கும், ஆனால் உடைந்தால் ஒரே பளிங்காக மின்னும். வேறு மிருகத்தில் அப்படிக் கிடையாது.

அதுவரை சரி. அந்தப் பெரிய வீட்டுக்குள் யார் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால்தான் பெரியவர்கள் தடுமாறுவார்கள். தண்டு இருந்ததையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே கூட்டமாக்கினார்கள். தண்டு வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாக முளைத்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தகட்டில் மூச்சுவிடும் துளை இருந்ததையெல்லாம் இன்னொரு கூட்டமாக்கினார்கள். ஒன்றின் துளை மற்றதின் துளை மாதிரி இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கூட்டத்தை உடைத்தார்கள். மிச்சம் மீதியை ஆதி அல்லிகள் என்று பேர் வைத்து ஒரே பெட்டியில் போட்டார்கள். அந்தப் பெட்டியில் உள்ளவற்றுக்கெல்லாம் பொதுவான அடையாளம் என்ன என்று தேடினால், மற்ற வகுப்புகளின் அடையாளம் எதுவும் இல்லாததுதான். வைக்க இடமில்லாத சாமானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோமே, அந்த வேலை. அதை லத்தீன் பேரில் செய்தால் விஞ்ஞானம்.

இதையெல்லாம் நான் வெறுமனே பொழுதுபோகாமல் படிக்கவில்லை. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போனவள், டொக்டராகவில்லை, தாதியாகவில்லை, செத்துப்போன கடல் பூச்சியைப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என்னை மேற்பார்த்த விரிவுரையாளர். புத்தகத்துப் படங்களை வைத்து மட்டும் பட்டம் தர முடியாது, கையில் கல் வேண்டும், இந்த நாட்டில் அந்தக் கல் இல்லை என்று இரண்டாம் வருடத்தில் பதிவை நீக்கினார். இது முதல் வருடத்திலேயே தெரிந்த விஷயம்தான். அதைக் கேட்டால் கோபிப்பார். நான் ஊருக்கு வந்து டீச்சரானேன்.

அதனால்தான் அலுமாரியின் அடி லாச்சியில் தட்டுக்குப் போகாமல் மிச்சம் கிடந்த அந்தக் கல்லைப் பார்த்ததும் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறக் கல். அதன் மேல் சப்பையாக, ஒரு பக்கம் சாய்ந்த கால் சப்பாத்து மாதிரி ஓர் உடம்பு. ஓரத்தில் பெரிய தகடுகள், நடுவில் சின்னவை. ஐந்தும் இல்லை, வட்டமும் இல்லை. ஒரு முனையிலிருந்து ஒரேயொரு நீட்டல், வளையம் வளையமாக, நுனியில் மெலிந்து வளைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடைந்த தகட்டின் விளிம்பு பளிங்காக மின்னியது. கோணல் கூட்டத்தில் ஒன்று. ஆனால் நான் படித்த எந்தப் படத்திலும் இல்லாத தகட்டு அமைப்பு.

இந்தக் கூட்டத்தில் சண்டையே அந்த நீட்டலைப் பற்றித்தான். ஒரு கட்சி அதைச் சாப்பாடு பிடிக்கும் கை என்கிறது. இன்னொரு கட்சி தண்டு என்கிறது. மூன்றாவது கட்சி வால் என்றது, வால் என்றால் அந்தக் கோணல் பிராணி மீனுக்கும் நமக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். கை என்று சொல்பவர் ஒரு வகுப்பில் போடுவார், தண்டு என்பவர் இன்னொன்றில் போடுவார். என் கையிலிருந்த கல்லில் அந்த நீட்டல் நுனிவரை உடையாமல் இருந்தது. அதன் உள்பக்கத்தில் மூடி போட்டது மாதிரி இரண்டு வரிசைச் சின்னத் தகடுகள். சாப்பாடு பிடிக்காத தண்டுக்கு எதற்கு மூடி திறந்து மூட வேண்டும்?

அங்கேயே நின்று விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். போனில் பிடித்த படங்களையும் அனுப்பினேன். அவர் படங்களைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எங்க எடுத்த கல்லுன்னும் தெரியாதுங்கிறீங்க. ஆனா கொண்டுவாங்க. உண்மையிலேயே எந்த வகுப்புலயும் சேராதுன்னா, திரும்பப் பதிவு செய்றதுக்கு நான் எழுதுறேன்."

அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கப்போவதில்லை.

முதலாளியிடம் கல்லைக் கேட்டேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது எடுத்திருப்பேன்.

"வெள்ளிக்கிழம தொறப்பு விழா டீச்சர். பெரிய ஆளுங்க வர்றாங்க. லாச்சி பூராவும் காட்டுறேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் கெடக்கட்டும், ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போங்க. உங்க கல்லுதான்."

"யாரும் தொடக்கூடாது, மொதலாளி. தூசியக்கூடத் தட்டக்கூடாது."

"சரிங்க டீச்சர். நான் பார்த்துக்கிறேன்."

இந்த நாட்டில் 'நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னவர்கள் எதையும் பார்த்ததில்லை. அது தெரிந்தும் அந்தக் கிழமை முழுக்க நான் பழைய குறிப்புகளை எடுத்துத் தூசி தட்டி, பதிவு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து, தலைப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் போய்வந்தேன். முட்தோலிக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கார்டன் பின்பக்கத்தில் கராம்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கராம்பைக் கொத்தாகத்தான் பறிப்பார்கள். பிறகு தரையில் விரித்த படங்கில் குவித்து, கொத்தை உள்ளங்கையில் வைத்து முறுக்கி, காம்பைத் தனியாகவும் மொட்டைத் தனியாகவும் பிரிப்பார்கள். காம்போடு போனால் சரக்கு தரம் குறைந்தது, வாங்குபவன் முகத்தைச் சுளிப்பான். மாத்தளையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். நாலு பேர் படங்கைச் சுற்றி உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முன்பக்கம் போனேன். அலுமாரி கண்ணாடி துடைத்துப் பளபளத்தது. தட்டுகளில் கற்களும் பளபளத்தன. வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது.

கைட் ஓடிவந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்? எல்லாத்துக்கும் காம்பு எடுத்தாச்சு."

எனக்கு விளங்கவில்லை. விளங்காதது மாதிரி இருந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"என்ன காம்பு?"

"கராம்புக் கல்லுல சிலதுல காம்பு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தொறப்பு விழாவுக்கு வந்த கராம்பு ஏற்றுமதிக்காரர் பார்த்துட்டு, 'என்ன மொதலாளி, காம்போட வச்சிருக்கீங்க, பார்க்க ரெண்டாந்தரம் மாதிரி இருக்கே'ன்னு சிரிச்சாரு. மொதலாளிக்கு வெக்கமாப்போச்சு. நேத்து மேசனக் கூப்பிட்டு, டைல் வெட்டுற மெசின்ல எல்லாத்தையும் வெட்டி, உருட்டி, வார்னிஷ் அடிச்சோம்."

அடி லாச்சியில் கிடந்த என் கல் இப்போது கராம்புத் தட்டின் மூலையில் இருந்தது. நீட்டல் இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு வெட்டு. சாய்ந்த பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. மற்றவற்றோடு ஒத்துப்போகட்டும் என்று அங்கேயும் அரைத்து, ஓரத்துத் தகடுகளைத் தேய்த்து, ஒருமாதிரி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது ஐம்பது கோடி வருடம் மலையும் கடலும் பூமிநடுக்கமும் செய்யாததை, கராம்பு ஏற்றுமதிக்காரர் ஒருவரின் கிண்டல் ஒரு பின்னேரத்தில் செய்துவிட்டது.

"வெட்டின துண்டெல்லாம் எங்க?"

அவன் யோசித்தான். "புதுசா நடைபாதைக்குக் கொங்கிறீட் போட்டாங்க டீச்சர். அதுல கொட்டியிருப்பாங்க."

நடைபாதையைப் போய்ப் பார்த்தேன். வான் வரும் இடத்திலிருந்து கடைவரை, சாம்பல் நிறத்தில், இறுகிப்போய்க் கிடந்தது. முதலாளி பின்னாலேயே வந்தார்.

"கோவமா டீச்சர்? இப்பதானே அழகா இருக்கு. முந்தி நொண்டி மாதிரி கெடந்துச்சு."

"நொண்டியா இருந்ததுதான் அதுக்கு அடையாளம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்கும் பொறுமை எனக்கில்லை. மனதுக்குள் அவரையும் அவர் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன், வெளியே கல்லைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். தாராளமாகக் கொண்டுபோங்க, பார்த்துட்டுக் கொண்டுவந்து குடுங்க என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கண்டிப் பஸ் ஏறினேன். அரைத்த கல்தான், ஆனால் முகத்தில் இன்னும் தகடுகள் இருந்தன, உள்ளே வலை இருந்தது. போனில் முழுக் கல்லின் படமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அறிவுள்ள ஒருவருக்குப் போதும் என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விரிவுரையாளர் இப்போது பேராசிரியர். மேசை பெரிதாகியிருந்தது. கல்லைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, பெருவிரலால் அந்த வெட்டைத் தடவினார். நான் நடந்ததைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். நீட்டலின் உள்பக்கத்துத் தகடுகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோணலைக் காட்டினேன்.

"இதுல கோணல் எங்க இருக்கு?" என்று கல்லைக் காட்டிக் கேட்டார்.

"அரைச்சுட்டாங்க சேர். படத்துல பாருங்க."

"படம் சாய்ச்சு எடுத்தா எதுவும் கோணலாத்தான் தெரியும். கல்லப் பாருங்க. கிண்ணம் மாதிரி உடம்பு. அடியில தண்டு ஒட்டியிருந்த இடம். இது கடல் அல்லி. தண்டு போன கடல் அல்லி. இதுமாதிரி உலகம் பூரா கெடக்கு."

"அது மெசின்ல வெட்டின இடம் சேர். அது தண்டு இல்ல."

"தண்டு இல்லேன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

எதை வைத்துச் சொல்வது? படம் அவரிடம் செல்லாது, வைத்துச் சொல்ல வேண்டியது கொங்கிறீட்டுக்குள் இருந்தது. அவர் கல்லை மேசையில் வைத்து, என் விண்ணப்பத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இதுல பதிவு செய்ய ஒண்ணுமில்லம்மா."

நான் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் தனித்தனித் தட்டில் வைத்துப் பார்த்தே பழகியவள். அன்றைக்கு அந்த அறையில் அந்தப் பழக்கம் போனது. கார்டன் முதலாளி கராம்போடு வாழ்கிறவர், நீண்டுகொண்டு நின்றதைக் காம்பு என்றார். இவர் அல்லியைப் பாடமாக்கியவர், தண்டு என்றார். தனக்குத் தெரிந்ததில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. இவர் மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பு, ஏனென்றால் இவருக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் சிங்களத்தில் என்ன நோவு என்று கேட்டாள். பல் வலி என்றேன்.

இரண்டு கிழமை கல் என் வீட்டு மேசையில் கிடந்தது. யாரிடமும் காட்டவில்லை. விண்ணப்பத்தைக் கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. பிறகு முதலாளி போன் எடுத்தார். தட்டில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது, பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நடைபாதையில் நடந்துதான் போக வேண்டியிருந்தது. கார்டனில் கூட்டம். கைட் யாருக்கோ முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலாளி அலுமாரியைத் திறந்து, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மேல் அவருக்குக் கொஞ்சம் பயம் வந்திருந்தது.

"நீங்க சொன்னாச் சரி டீச்சர். அட்டையக்கூட மாத்தி எழுதிரலாம். இது எந்தத் தட்டு?"

அவர் உண்மையாகவே கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் படித்த வருடங்களெல்லாம் என்னிடம் இருந்தன.

"எதுலயாவது வைங்க" என்றேன்.

கராம்புத் தட்டில் வைத்தார். நன்றாகத்தான் பொருந்தியது.